முதல் ஷாட்கன்: டெக்சாஸில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு

டாலஸுக்கு வடக்கே எங்கள் குடியிருப்பில் போன நவராத்திரி சமயம் ஒரு வீட்டில் திருட்டு. வீட்டுக்காரர்கள் கொலு பார்க்கப் போயிருந்த இரண்டு மணி நேரத்துக்குள் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து, படுக்கையறை அலமாரியில் இருந்த நகையை மட்டும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். டிவி, லேப்டாப் எதையும் தொடவில்லை. இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்பது இங்கே திருடர்களுக்கும் தெரிந்த சங்கதி. அடுத்த வாரமே மூன்று பேர் என்னைக் கேட்டார்கள்: "அண்ணே, வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கணும். சல்லிசா எது கிடைக்கும்?"

நான் துப்பாக்கிப் பிரியன் இல்லை. ஏழு வருடமாக ஒரு பம்ப் ஷாட்கன் வைத்திருக்கிறேன், வருடத்துக்கு நாலைந்து முறை ரேஞ்சுக்குப் போய்ச் சுடுகிறேன், அவ்வளவுதான். கேட்ட மூவரில் ஒருவர் துப்பாக்கியைத் தொடவே கூடாதவர். இன்னொருவருக்குத் தேவைப்பட்டது பேங்க் லாக்கர். மூன்றாமவர் மட்டும் வாங்கினார். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

முதல் நண்பர் எச்-1பி விசாவில் இருப்பவர். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, விசாவில் தற்காலிகமாக வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டெக்சாஸில் துப்பாக்கிச் சட்டம் தளர்வு என்று கேள்விப்பட்டு ஏமாறாதீர்கள். இது மாநிலச் சட்டம் இல்லை. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டுக் கனவும் அதோடு போச்சு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுட்டுப் பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் தடை விலகும். பலர் இதைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஆனால் டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் நீங்கள் எழுந்திருக்கும்போதே குற்றவாளி. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். கையில் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இருப்பதால் மட்டும் நிலைமை மாறிவிடாது.

"சரி, சிட்டிசன் ஃப்ரெண்ட் ஒருத்தர் பேர்ல வாங்கி எங்க வீட்ல வச்சுக்கிட்டா?" என்று அவர் கேட்டார். அதற்குப் பெயர் பினாமி கொள்முதல். 2022-இல் வந்த சட்டம் அதையே தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. வாங்கிக் கொடுக்கும் நண்பரும் சேர்ந்தே மாட்டுவார். கணவர் சிட்டிசன், மனைவி விசா என்றால், மனைவி எடுக்க முடியாதபடி பூட்டி, சாவியும் அவர் கைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அதையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றிருந்தால், அது சிறு குற்றமாகவே இருந்தாலும், முடியாது. வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த ஊர்ச் சட்டத்தைத் தனியே பாருங்கள். இல்லினாய், நியூ ஜெர்சியில் அடையாள அட்டை வாங்காமல் கடைக்குப் போவது வீண். கலிஃபோர்னியாவில் தேர்வு எழுதி, பத்து நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் ஷாட்கன் வாங்க மாநில அனுமதி எதுவும் தேவையில்லை.

நகைக்கு ஷாட்கன் காவல் இருக்காது

இரண்டாமவருடைய கவலை முழுக்க நகையைப் பற்றி. அவரிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: திருடன் வந்தபோது அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. ஆளில்லாத வீட்டில் அலமாரிக்குள் சாய்த்து வைத்த துப்பாக்கி, நகையோடு சேர்ந்து திருடுபோகும் இன்னொரு பொருள். அவர் லாக்கர் எடுத்தார், பின்கதவுக்குக் கேமரா வைத்தார், கதவு நிலையில் மூன்று அங்குலத் திருகாணி போட்டுப் பூட்டை இறுக்கினார். செலவு 200 டாலருக்குள் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் மனச்சோர்வோடு யாராவது இருந்தால், பதின்வயதுப் பிள்ளை தடுமாறிக்கொண்டிருந்தால், இந்த வருடம் வாங்காதீர்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான், நானும் கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

பன்னிரண்டு போர்

மூன்றாமவர் கிரீன் கார்டுக்காரர். மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஊரின் கடைசித் தெருவில் வீடு, போலீஸ் வர இருபது நிமிடம் ஆகும். இருவரும் சேர்ந்தே முடிவெடுத்திருந்தார்கள்.

நம்மூர் பேங்க் வாசலில் வாட்ச்மேன் தோளில் தொங்குமே ஒரு இரட்டைக்குழல், அதை நாம் பன்னிரண்டு போர் என்போம். இங்கே 12 கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் பொருந்துமோ அது 12 கேஜ். இருபதாக உருட்டினால் 20 கேஜ். அதனால் எண் கூடினால் குழல் சிறுத்துவிடும். தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு இல்லை, நாம் பால்ரஸ் என்று சொல்லும் ஈய உருண்டைகள்.

சிக்கனமாக வேண்டுமென்றால் பம்ப் வகைதான். முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் பழைய தோட்டா வெளியே விழும், முன்னுக்குத் தள்ளினால் புதியது ஏறும். மலிவு விலையில் வரும் அரைத் தானியங்கி ஷாட்கன்கள் சில வகைத் தோட்டாவுக்குத் திக்குகின்றன. பம்ப் எதைப் போட்டாலும் தின்னும், நாம் ஒழுங்காக இழுத்தால் சரி.

நான் எல்லோருக்கும் முதலில் காட்டுவது மாவெரிக் 88. மாஸ்பர்க் நிறுவனத்தின் சிக்கன மாடல் இது, டெக்சாஸ் எல்லையோர ஊரான ஈகிள் பாஸில் பூட்டப்படுகிறது. 18.5 அங்குலக் குழல், அடிக்குழாயில் ஐந்து தோட்டாவும், சுடுவதற்கு ஆயத்தமாகத் தோட்டா உட்காரும் அறையில் ஒன்றும். விலை 250 டாலர் அக்கம்பக்கம். அதன் அண்ணன் மாஸ்பர்க் 500 அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து விற்பனையில் இருக்கிறது, இப்போது 400 டாலருக்கு மேல். பெரிய வித்தியாசம் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான், இருக்கும் இடம். 500-இல் அது துப்பாக்கியின் முதுகில், கட்டை விரலுக்கு நேராக இருக்கிறது. இடது கைக்காரர்களுக்கு வரப்பிரசாதம். மாவெரிக்கில் விசை வளையத்தில் குறுக்கே அழுத்தும் பொத்தான். சிவப்பு வளையம் தெரிந்தால் சுடும். உள்ளே வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட ஒன்றே.

1950-இல் வந்த ரெமிங்டன் 870 நல்ல துப்பாக்கிதான். ஆனால் அந்த நிறுவனம் 2018-லும் 2020-லும் திவாலானது, அதற்கு முந்தைய சில வருடங்களின் எக்ஸ்பிரஸ் மாடல்கள் துருப்பிடிப்பதில் பேர் வாங்கின. போலீஸ் துறை கழித்துவிட்ட பழைய 870 கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். தோளில் அணைக்கும் கட்டையில் கீறல் இருக்கும், ரோந்துக் காரில் பத்து வருடம் சும்மா கிடந்திருக்கும், சுட்டது குறைவு. குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பள்ளமோ வீக்கமோ இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

கட்டையே இல்லாமல் கைப்பிடி மட்டும் வைத்த குட்டை ரகத்தைக் கடைக்காரர் கட்டாயம் எடுத்துக் காட்டுவார். பார்க்க அம்சமாக இருக்கும். தோளில் வைக்காமல் அதைக் குறிபார்த்துச் சுட அனுபவசாலிகளே திணறுகிறார்கள். வேண்டாம். நீளத் துப்பாக்கியை வாங்கி வீட்டில் அறுத்துக் குட்டையாக்கும் யோசனையும் ஆகாது. 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு செய்யாமல் வைத்திருப்பது பெருங்குற்றம்.

தோளில் வைத்துப் பாருங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது கட்டையின் நீளத்தை. இந்தத் துப்பாக்கிகளை ஆறடி ஆளுக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். கட்டையின் பின்நுனியிலிருந்து விசை வரை 14 அங்குலம் அளவில் இருக்கும்.

மூன்றாமவரின் மனைவி ஐந்தடி ஒரு அங்குலம். கடையில் மாவெரிக்கைக் கையில் கொடுத்ததும் என்ன நடந்தது என்று பார்த்தேன். கட்டை அக்குளில் மாட்டிக்கொண்டது. தோளுக்கு வரவில்லை. முன்பிடியை எட்டிப் பிடிக்க இடது கை முழுக்க நீண்டுவிட்டது, அதனால் எடை தாங்காமல் இடுப்பைப் பின்னால் வளைத்து, தலையையும் பின்னுக்குச் சாய்த்து நின்றார். அந்த நிலையில் சுட்டால் உதை தோள் மூட்டில் இறங்கும், ஆளே இரண்டடி பின்னால் போவார். கணவருக்குச் சரியாக இருந்தது. "எனக்குப் பொருந்தாதது எங்க வீட்டுக்கு எதுக்கு? ராத்திரி ஷிஃப்டுல நீங்க ஆஸ்பத்திரியில இருப்பீங்க" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

வீட்டிலேயே குள்ளமானவருக்கு எது பொருந்துமோ அதை வாங்குங்கள். நெட்டையானவர் குட்டைக் கட்டையைச் சமாளித்துவிடுவார், எதிர்ப்பக்கம் நடக்காது. இரண்டு வழி இருக்கிறது. 20 கேஜில் சிறுவர்களுக்கென்று வரும் குட்டைக்கட்டை மாடல் ஒன்று. இல்லையென்றால் 12 கேஜ் வாங்கி, மேக்புல் நிறுவனம் செய்யும், நீளம் மாற்றக்கூடிய கட்டையைப் பூட்டிக்கொள்வது. 110 டாலர் போல ஆகும், 12.5 அங்குலம் வரை குறைக்கலாம். இவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். மறுபடி தோளில் வைத்ததும் அவர் நிற்கிற நிற்பே மாறிவிட்டது: முழங்கால் லேசாக மடங்கி, மூக்கு முன்னங்காலுக்கு நேரே வந்தது.

கடையில் கொடுத்ததும் முன்பிடி அசையவில்லை என்று கூச்சப்படாதீர்கள். விசை ஆயத்தமாக இருக்கும்போது பம்ப் பூட்டிக்கொள்ளும். விடுவிக்கும் சின்ன நெம்பு மாஸ்பர்க், மாவெரிக்கில் விசை வளையத்துக்குப் பின்னால் இடப்பக்கம், ரெமிங்டனில் வளையத்துக்கு முன்னால். கடைக்காரர் அறையைத் திறந்து காலி என்று காட்டித்தான் கையில் கொடுப்பார். நீங்களும் ஒருமுறை பாருங்கள். குழலை ஆள் இல்லாத பக்கம் பிடியுங்கள், விரல் விசைக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். கவுண்டரில் அதை வைத்தே நீங்கள் யார் என்று எடை போட்டுவிடுவார்கள்.

கவுண்டரில்

4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். உரிமம் பெற்ற கடையில் ஷாட்கன் வாங்க 18 வயது போதும். கிரீன் கார்டுக்காரர்கள் அட்டையில் உள்ள ஏலியன் எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். புது வீட்டுக்கு மாறிவிட்டு உரிமத்தை மாற்றாமல் போய்த் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். நம் பெயர்களில் அப்பா பெயர், முதற்பெயர், இனிஷியல் என்று குழப்பம் இருப்பதால் சிலருக்குத் தாமதம் என்று வரும். பதறாமல் மூன்று வேலை நாள் பொறுங்கள்.

முதல் துப்பாக்கியைத் தனியாரிடமோ கண்காட்சி மைதானத்திலோ வாங்காதீர்கள். மிச்சமாகும் ஐம்பது டாலருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

தோட்டா

பறவை சுடும் பொடி உருண்டை பயிற்சிக்கு. 25 கொண்ட பெட்டி பத்து டாலர் சுமார். வீட்டுக்கு பக்ஷாட், அதாவது பெரிய உருண்டை. 12 கேஜில் டபுள் ஆட் (பெட்டியில் 00 என்று இருக்கும்) என்றால் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரிய எட்டு அல்லது ஒன்பது உருண்டைகள். பெட்டியில் 'ரெட்யூஸ்டு ரிகாயில்' என்று போட்டிருப்பதை எடுங்கள், உதை குறையும். நீளம் 2¾ அங்குலம் போதும், மூன்று அங்குலத் தோட்டா உங்கள் தோளைத்தான் தண்டிக்கும்.

இரண்டு கட்டுக்கதைகளை இங்கேயே உடைத்துவிடுகிறேன். "ஷாட்கன்னுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், பரவிடும்" என்பார்கள். வீட்டுக்குள் ஐந்தாறு கஜ தூரத்தில் உருண்டைகள் உள்ளங்கை அகலத்துக்குள்தான் விழும். குறி தப்பினால் எல்லாமே தப்பும். "சின்ன உருண்டை சுவரைத் தாண்டாது" என்பது அடுத்தது. நம்மூர்ச் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இங்கே அறைக்கு அறை இருப்பது மரச்சட்டத்தில் அடித்த அரை அங்குல ஜிப்சம் அட்டை. பக்கத்திலிருந்து சுட்டால் பொடி உருண்டையே கொத்தாக ஒரு சுவரைத் துளைக்கும், பக்ஷாட் பல சுவர்களைத் தாண்டிப் போகும். ஆகவே சுடுவதற்கு முன்னாலேயே, இன்று பகலிலேயே, படுக்கையறையில் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எந்தத் திசையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பக்கம் குழல் திரும்பவே கூடாது.

20 கேஜ் தோட்டாவையும் 12 கேஜ் தோட்டாவையும் ஒரே வீட்டில் கலந்து வைக்காதீர்கள். சிறியது பெரிய குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

ராத்திரி இரண்டு மணிக்கு

சினிமாவில் போல அறை அறையாகத் தேடிப் போகாதீர்கள். பிள்ளைகளை ஒரே அறைக்குக் கொண்டுவந்து, கதவைப் பூட்டி, 911 அழைத்து, லைனைத் துண்டிக்காமல், கதவைப் பார்த்து உட்காருங்கள். பம்ப் இழுக்கும் சத்தத்தைக் கேட்டே திருடன் ஓடிவிடுவான் என்பதை நம்பி ஒரு திட்டம் போடாதீர்கள். ஓடலாம், ஓடாமலும் போகலாம். போலீஸ் வந்ததும் துப்பாக்கி உங்கள் கையில் இருக்கக் கூடாது. இருட்டில் அவர்களுக்கு உங்களுக்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியாது.

தனியாக ஒரு நல்ல கை டார்ச் வையுங்கள். யாரென்று பார்க்காமல் விசையில் விரல் போகக் கூடாது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகிறவன் வீடு மாறி வேறொரு கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியால் சுட்டார், பையன் இறந்துபோனான். குற்றவியல் வழக்கில் விடுதலையான அவரை, சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அதே அக்டோபரில்தான் நம் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவையும் சுண்டல் டப்பாவுமாக, ஒரே அச்சில் வார்த்த இந்தத் தெரு வீடுகளில் கொலு வீட்டைத் தேடிக் கதவு தட்டிக்கொண்டு போகிறார்கள்.

பூட்டு, காது, தோள்

துப்பாக்கியோடு வரும் கம்பிப் பூட்டு ஊருக்குப் போகும்போது போடத்தான். தினப்படிக்கு, சுவரில் திருகி வைக்கும், எண் அழுத்தினால் திறக்கும் பெட்டி வேண்டும். 150 டாலருக்குக் கிடைக்கும். எண் பிள்ளைகளின் பிறந்த தேதியாக இருக்கக் கூடாது, ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கையில் குண்டேற்றிய துப்பாக்கி சிக்கும்படி அஜாக்கிரதையாக வைத்தால் வைத்தவர் மேல் வழக்கு. அலமாரி மேல்தட்டு, கட்டிலுக்கு அடியில், புடவைக்குப் பின்னால் எல்லாம் ஒளித்து வைக்கும் இடமே இல்லை. முறுக்கு டப்பாவை எங்கே வைத்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் அவர்கள்.

பெட்டிக்குள் நான் வைத்திருக்கும் விதம்: அறை காலி, குழலுக்கு அடியில் இருக்கும் குழாயில் நாலு தோட்டா. கீழே விழுந்தாலும் சுடாது, ஒருமுறை பம்ப் இழுத்தால் ஆயத்தம். இந்த வகை ஷாட்கன்கள் பலவற்றில் கீழே விழுந்தால் தாங்கும் பாதுகாப்பு இல்லை என்பதால் அறையில் ஒருபோதும் தோட்டா விடாதீர்கள்.

மூன்றாமவர் கணக்கு எழுதி வைத்திருந்தார். துப்பாக்கி 250, வரி 20, கட்டை 110, பெட்டி 150, டார்ச் 30, காதுக்கவசம் இரண்டு 60, இருவருக்கும் வகுப்பு 200, தோட்டா 80. மொத்தம் 900 டாலர். இதில் துப்பாக்கி கால்பங்கு கூட ஆகிறதா என்றால், சற்றே மேலே. 250 டாலர்தானே என்று கிளம்புகிறவர்கள் வகுப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டுவதாக இருந்தால் துப்பாக்கியை வாங்குவதையே தள்ளிப் போடுங்கள்.

வகுப்பில் உங்களுக்கு வரப்போகும் முதல் தப்பை இப்போதே சொல்கிறேன். உதை வாங்கிய அதிர்ச்சியில் முன்பிடியைப் பாதி மட்டும் இழுப்பீர்கள். பழைய தோட்டா வெளியே வராது, அல்லது புதியது ஏறாது. விசையை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு வறட்டுச் சத்தம். எனக்கு முதல் பெட்டியில் ஆறு முறை இப்படி ஆனது. முன்பிடியை, அதன் மேல் கோபம் உள்ளவர் மாதிரி இழுங்கள், அது உடையாது. கட்டையைக் கழுத்தெலும்புக்குக் கீழே உள்ள சதையில் அழுத்தி வையுங்கள். நான் புஜத்தில் வைத்துச் சுட்டு, ஒரு வாரம் கத்தரிக்காய் நிறத் தோளோடு அலைந்தேன். காதுக்கவசம் இல்லாமல் ஒரு தோட்டா கூடச் சுடாதீர்கள், போன செவி திரும்பாது.

கூடவே பிளாஸ்டிக் டம்மி தோட்டா ஒரு பாக்கெட் வாங்குங்கள். மாதம் ஒருமுறை, உண்மைத் தோட்டாவை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, இருட்டில் பெட்டியைத் திறந்து, எடுத்து, ஒருமுறை இழுத்து, திருப்பி வையுங்கள். போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா ஒன்பது விநாடியில் செய்தார். அவர் கணவர் எண்ணை மறந்துவிட்டு நின்றார்.